மூலைக் கண்ணாடியில் இரண்டு பேர்

மூலையில் தெரிந்த இரண்டு புருஷர்களில் ஒருவன் மட்டும் அவளுக்குக் கையசைக்கவில்லை.

மீன்காட்சியகத்துக்கு வந்தவர்கள் போனபின் பெரிய தொட்டியின் கண்ணாடியை வெளியே நின்று அவள் துடைப்பாள். உள்ளே முங்கி அவள் புருஷன் துடைப்பான். தண்ணீரிலிருந்து சாண் கனமான கண்ணாடிக்கு, அங்கிருந்து காற்றுக்கு என்று அடுக்குக்கு அடுக்கு வெளிச்சம் வளைந்து வருவதால், இரண்டு கண்ணாடிகள் சேரும் அந்த மூலையில் நின்றால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவான். முன்கண்ணாடி வழியே ஒருவன், பக்கக் கண்ணாடி வழியே ஒருவன். "ஒண்ணைக் கட்டி மேய்க்கவே முடியல" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

போன மாதம் உள்ளே அவனுக்கு மயக்கம் வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவன் மேலே ஏறும்வரை மூலையை விட்டு நகரமாட்டாள்.

இப்போது பம்பின் உறுமல் தரைவழியே உள்ளங்காலில் ஏற, உப்பும் பாசியும் கலந்த வாடை தொண்டையை அடைக்க, அவள் உற்றுப் பார்த்தாள். முன்கண்ணாடியில் இருந்தவன் நிதானமாகக் கையசைத்தான். பக்கக் கண்ணாடியில் தெரிந்தவன் இரண்டு கைகளாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தான். சத்தமே வரவில்லை.

வெளிச்சம் ஆளை நகர்த்தும், பெரிதாக்கும். ஒரே கையை இரண்டு வேலை செய்ய வைக்காது.

மேல்தளத்தில் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து நின்ற பம்ப்காரரை வாக்கிடாக்கியில் அழைத்தாள். "அண்ணே, அவரைத் தூக்குங்க! சீக்கிரம்!"

முன்னால் இருந்தவன் மேலே போனான். கயிறு அவன் இடுப்பில்தான் இருந்தது.

மற்றவன் போகவில்லை.

"வந்துட்டாரும்மா. நல்லாத்தான் இருக்காரு. சிரிக்கிறாரு."

"அண்ணே, உள்ள இன்னொருத்தர் இருக்காரு!"

"ஒருத்தர்தானேம்மா இறங்கினாரு? மூலையில ரெண்டாத் தெரியும்னு நீதானே சொல்லுவே?"

அவள் கத்தினாள். வாக்கிடாக்கி கரகரத்து அடங்கியது.

இரும்புப் படியில் ஈரக் காலடிகள். இறங்கின. நெருங்கின.

"என்னாச்சு? பயந்துட்டியா?"

அவன் குரல்தான். அவளுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் திரும்பவில்லை.

பக்கக் கண்ணாடியில் இருந்தவன் அடிப்பதை நிறுத்தியிருந்தான். குமிழிகள் நின்றுவிட்டன. முன்கண்ணாடியிலும் இப்போது அவனே தெரிந்தான். இரண்டு பேர். அதே திறந்த வாய். அதே மிதக்கும் முடி. இம்மியும் மாறவில்லை.

நான்கு கண்களும் திறந்தபடி, அவள் தோளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.