சூடு ஏறாத வெந்நீர்

வெந்நீர் சூடேறவே இல்லை. பிற்பகல் முழுக்கப் பீர்மேட்டு மழை, தோட்டத் தொழிலாளர் லயத்தின் தகரக்கூரையைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தது. ஈர விறகின் புகையும் கதவிடுக்கில் நுழைந்த மூடுபனியும் சேர்ந்து அடுப்பு வெளிச்சத்தையே விழுங்கியிருந்தன. மாரித்தாய் வாளியிலிருந்து ஒரு செம்பு மொண்டு, நீட்டிய காலில் ஊற்றிப் பார்த்தாள். பச்சைத்தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

கையை நம்புவதற்கில்லை. நேற்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் மத்தியாஸ் அவள் கண்ணைக் கட்டி, இரண்டு கையிலும் சுடுநீர்க் குப்பியையும் குளிர்நீர்க் குப்பியையும் மாறி மாறி வைத்தார். வைத்தது தெரிந்தது. எது சூடு என்று தெரியவில்லை.

"நரம்புன்னா ஒத்தக் கயிறு இல்ல, தாயி. உள்ள இழை இழையா இருக்கும். தொடுறது தெரியுறதுக்கும் கை காலை அசைக்கிறதுக்கும் தடிச்ச இழை. அதுக்கு மேல கொழுப்பு உறை உண்டு. சூடும் வலியும் போறது மெல்லிசு இழையில. இந்தக் குஷ்டச் சீக்குல மெல்லிசுதான் முதல்ல சாகும்."

"யார்கிட்டயும் சொல்லிராதீக ஐயா!"

"திங்கக்கிழமை பெரிய டாக்டர் வாறாரு. சொல்லாம முடியாது. குஷ்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாரு. பிள்ளைய யார்கிட்டயாவது விட்டுட்டுத்தான் போகணும்."

காலில் விழுந்தாள். மனுஷர் அசையவில்லை.

எட்டு வருஷம் தவமிருந்து பெற்ற பிள்ளை. ஐந்து மாதம்தான் ஆகிறது. அதை விட்டுப் போவதற்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது அவளுக்கு. தினமும் குளிப்பாட்டும் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயை, கை மரத்ததைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்து, இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கைதானே போச்சு, கால் இருக்கிறதே. தாயின் கால் தாங்கும் சூடுதானே பிள்ளைக்கு?

கொதிக்கும் பானையிலிருந்து வாளியில் இன்னொரு செம்பு விளாவினாள். காலில் ஊற்றினாள். விரலிடுக்கில் நீர் வழிவது துல்லியமாகத் தெரிந்தது. சூடில்லை. இன்னொரு செம்பு. அப்புறம் இன்னொன்று. ஆவி முகத்தில் அடித்தது, புகை என்று நினைத்தாள்.

போதும், பிள்ளைக்குக் குளிர் பிடித்துவிடும்.

சாக்கில் கிடந்த பிள்ளையை எடுத்து, முழங்காலுக்குக் கீழே, நீட்டிய காலின் மேல் மல்லாக்கக் கிடத்தினாள்.

பிள்ளை வீறிட்டது.

இன்னும் ஒரு சொட்டு ஊற்றவில்லையே!

"ஏ மாரித்தாயி, பிள்ள ஏன்டி இப்படிக் கத்துது?" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னத்தாய்.

"ஒண்ணுமில்லக்கா! வராதீக!"

அள்ளித் தூக்கினாள். முதுகோடு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரத்துணி. உதறினாள். போகவில்லை. துணி ஏது இங்கே?

கதவு திறந்தது. பனியோடு வெளிச்சமும் வந்தது.

சின்னத்தாய் பிள்ளையை வாங்கக் கை நீட்டியபடியே நின்றுவிட்டாள். மாரித்தாய் குனிந்து பார்த்தாள். பிள்ளையின் முதுகிலிருந்து அவள் கணுக்கால் வரைக்கும் அது தொங்கியது. வெளுத்து. மெல்லிசாக. அடியில் கால் சிவப்பாகப் பளபளத்தது.

வலிக்கவில்லை. கொஞ்சம் கூசியது.

பிள்ளையை இன்னும் உயரத் தூக்கினாள். அதுவும் அவள் காலிலிருந்து கூடவே உரிந்து வந்தது.