எழுதி முடியும் வரை

கேபிளைப் பிடுங்கிய பிறகும் போர்டில் அந்தப் பச்சை விளக்கு அணையவில்லை.

ஸ்ரீராம்குமார் கையிலிருந்த கேபிளின் முனையைப் பார்த்தான். பிறகு மேஜையில் கிடந்த போர்டைப் பார்த்தான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய, மேல்மூடிகூட இல்லாத ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கென்று பேட்டரி கிடையாது. யூஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப் ஊட்டினால்தான் உயிர். ஊட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. விளக்கு இன்னும் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு, தனக்குத் தோன்றியபோது அணைந்தது. உள்ளே மிச்ச மின்சாரம் எங்காவது தங்கியிருக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டான். படித்தவனுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

விளாங்குடியில் அன்று மாதாந்திர மின்தடை. காலையில் போன கரண்ட் மாலை ஐந்து மணிக்கு வந்திருக்க வேண்டும். இடையில் மழை பிடித்துக்கொண்டதால் வேலை இழுத்து, இருட்டத் தொடங்கியும் வரவில்லை. ஃபிரிட்ஜின் முனகல், பக்கத்து வீட்டு டிவி, தண்ணீர் மோட்டார் என்று நாள் முழுக்கக் காதில் விழுந்தும் விழாமலும் இருக்கிற சத்தங்கள் எல்லாம் அடங்கிப்போக, திண்டுக்கல் ரோட்டில் பஸ்கள் ஈரத்தைக் கிழித்துக்கொண்டு போவதும், தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுவதும், ஜன்னலுக்கு வெளியே மின்கம்பத்தில் யாரோ ஸ்பேனரைத் தட்டுவதும் அந்த மாடி அறைக்குள்ளேயே நடப்பதுபோலக் கேட்டன. மனைவி சுஷ்மா தல்லாகுளத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் மட்டும்தான்.

வயக்காட்டுக்கு மும்முனை மின்சாரம் எந்த நேரம் வரும் என்று விவசாயிக்குத் தெரியாது. வந்ததும் அவர் போனுக்குக் கூப்பிட்டு, "உங்கள் தோட்டத்தில் கரண்ட் வந்துவிட்டது" என்று சொல்வதற்காக அவன் செய்த கருவி இது. சொல்லும் குரல் சுஷ்மாவுடையது. நாளைக் காலையில் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயிகள் கூட்டத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு முன் போர்டுக்குள் நுழைந்து ஒரு பிழையைத் திருத்தினால் போதும். ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது.

சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாக இருக்குமோ என்று வேறு கேபிள் மாற்றினான். போர்டில் இருந்த இரண்டு துளைகளில் ஒன்று மின்சாரத்துக்கு மட்டும், மற்றதுதான் பேச்சுவார்த்தைக்கு. சரியான துளையில்தான் செருகியிருந்தான். எதிரே யாரும் இல்லாததால் லேப்டாப் தனக்குத்தானே ஒரு நெட்வொர்க் முகவரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை அழித்துவிட்டுக் கையாலேயே முகவரி கொடுத்து, 'இருக்கிறாயா?' என்று போர்டைக் கேட்கும் கட்டளையை அடித்தான். பதில் இல்லை. மறுபடி அடித்தான். பதில் இல்லை.

துளையில் தூசி அடைத்திருக்கும் என்று கேபிளை உருவி நாற்காலிமேல் போட்டுவிட்டு, போர்டை வாயருகே கொண்டுபோய் ஊதினான். மேஜையில் மண் கொட்டியது.

செம்மண். ஈரமாக இருந்தது. குண்டூசியால் நோண்டினான், இன்னும் வந்தது. அரிசி மணி நுழையாத துளைக்குள்ளிருந்து ஒரு கைப்பிடி மண் வந்து குவிந்ததும் அவன் குண்டூசியைக் கீழே போட்டுவிட்டான்.

"சார்! மாடி சார்!"

திடுக்கிட்டு ஜன்னலுக்குப் போனான். கம்பத்தின் அடியில் உக்கிரபாண்டி நின்றிருந்தான். லைன் வேலைக்காரன், போன மாதம் இதே கம்பத்தில் செத்துப்போன பேச்சிமுத்துவின் மச்சினன்.

"ஜெனரேட்டர் எதும் ஓட்டுறீகளா சார்? டெஸ்டர் கத்துது. செத்த லைன்ல லேசா கரண்ட் வருது."

"இல்லண்ணே. ஜெனரேட்டரே கிடையாது."

"ஓட்டுனா மெயினை இறக்கிட்டு ஓட்டுங்க சார். எங்க மச்சான் இங்கனதான்..." அவன் முடிக்கவில்லை. "சரி, நான் பாத்துக்கிறேன். இன்னும் கொஞ்சம் வேலை கெடக்கு."

ஜெனரேட்டர் இல்லை என்று இந்தத் தடவை ஸ்ரீராம்குமார் சொன்னது உண்மை. ஆனாலும் ஜன்னலை விட்டு விலகி நின்றுகொண்டான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

போன மாதம் இதே மின்தடை நாளில் லேப்டாப்பின் பழைய பேட்டரி செத்துக் கிடந்தது. வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் எடுத்து, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் அதை நேரே சுவரிலிருந்த பிளக் துளையில் கொடுத்தான். மெயின் சுவிட்சை இறக்க மறந்தான். வீட்டுக்குள் வந்த கரண்ட் வீட்டோடு நிற்காமல் மீட்டர் வழியாகப் பின்னோக்கிக் கம்பத்துக்கு ஏறி, கம்பி செத்துவிட்டது என்று நம்பித் தொட்ட பேச்சிமுத்துவைப் பிடித்துக்கொண்டது.

மறந்ததையாவது மன்னிக்கலாம். ஆனால் அவன் பார்த்தான். இந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்தான். கம்பியோடு ஒட்டிய கைகள் விலகாமல் அந்த மனிதர் கம்பத்தில் துடிப்பதையும், "யாருய்யா அது... நிப்பாட்டுங்கய்யா..." என்று பல்லைக் கடித்த வாயிலிருந்து குரல் வந்ததையும் பார்த்தான், கேட்டான். அப்போது திரையில், போர்டுக்குள் புரோகிராம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் ஒரு நீலக் கோடு நீண்டுகொண்டிருந்தது. அதன் கீழே அவனே எழுதிய வாசகம்: 'எழுதப்படுகிறது. முடியும் வரை மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.' தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பாதியில் நிறுத்தினால் போர்டு கெட்டுவிடும், மாதக்கணக்கில் பட்ட பாடு வீணாகிவிடும். இன்னும் கொஞ்சம்தானே என்று காத்திருந்தான். கோடு நிறைந்த பிறகுதான் எழுந்து போய் ஜெனரேட்டரை நிறுத்தினான்.

அன்று எழுதியது இந்தப் போர்டில்தான்.

ஒயரை ஆரப்பாளையத்துப் பக்கம் வைகையில் வீசிவிட்டு வந்தான். கேட்டவர்களிடம் ஜெனரேட்டரே கிடையாது என்றான். யாரும் சந்தேகப்படவில்லை. கவனமில்லாமல் ஏறிவிட்டான் என்று செத்தவன் தலையிலேயே பழியைப் போட்டார்கள். பேச்சிமுத்துவின் மனைவி ஒச்சாயி மட்டும் அதை நம்பவில்லை. கம்பத்தடிச் செம்மண்ணை இரண்டு கையாலும் வாரித் தெருவைப் பார்த்துத் தூற்றினாள். "எவன்னு தெரியல. எவனா இருந்தாலும் எம்புருசன் துடிச்ச துடி அவன் துடிக்கணும்!" கூட்டத்தோடு கூட்டமாக நின்ற ஸ்ரீராம்குமாரின் சட்டையிலும் மண் விழுந்தது. அவன் தட்டிவிட்டுக்கொண்டான்.

லேப்டாப்பில் டிங் என்று ஒரு சத்தம்.

திரும்பினான். திரையில் பதில் வந்திருந்தது. இருக்கிறேன். அதன் கீழே இன்னொன்று. இருக்கிறேன். இருக்கிறேன். வரிசையாக, விட்டுவிட்டு, யாரோ மூச்சு விடுவதுபோல வந்துகொண்டிருந்தது.

கேபிள் செருகப்படவில்லை. அது நாற்காலிமேல் கிடந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

அறையில் ஒரு வாடை பரவியது. முதலில் ரப்பர் தீய்கிற வாடை. பிறகு மயிர் பொசுங்குகிற வாடை. போன மாதம் இந்த ஜன்னல் வழியாக வந்ததும், பிறகு பல நாட்கள் சாம்பிராணி போட்டும் போகாததுமான அதே வாடை.

போன் அடித்தது. கூப்பிடுவது யார் என்று பார்த்தான். அவன் சோதனைக்காகப் போர்டுக்குப் போட்டிருந்த நம்பர். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தான்.

"வணக்கம்," என்றது சுஷ்மாவின் குரல். "உங்கள் வீட்டில் கரண்ட் வந்துவிட்டது."

தோட்டத்தில் என்றுதான் அவள் பதிவு செய்திருந்தாள். வீட்டில் என்று அவள் சொன்னதே இல்லை.

பிறகு அந்தக் குரல் கரகரத்தது. தடித்தது. ஆண் குரலாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது.

"யாருய்யா அது."

போனை எறிந்தான். கட்டிலுக்கடியில் போய் விழுந்து அது மறுபடி கேட்டது. யாருய்யா அது.

திரையில் பதில்கள் நின்றன. ஒரு நீலக் கோடு முளைத்தது. எழுதப்படுகிறது. முடியும் வரை மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

அவன் எதையும் எழுதச் சொல்லவில்லை. போர்டை உடைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. பாய்ந்து அதை அள்ளினான்.

கை மூடிக்கொண்டது.

திறக்கவில்லை. விரல்கள் போர்டை இறுக்கின. தோள்வரை நரம்பு சுண்டி இழுத்தது. தாடை பூட்டிக்கொண்டது. ஒரு ஒயரும் இல்லை. வீடு முழுக்க கரண்ட் இல்லை. தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் நின்றது. அவன் மட்டும் துடித்தான்.

கத்தினான். சத்தம் பல்லுக்குள்ளேயே நின்றது.

"சார்!" கீழேயிருந்து உக்கிரபாண்டியின் குரல். "டெஸ்டர் கத்துறது நின்னுருச்சு சார். லைன்ல இப்ப ஒண்ணும் இல்ல. நான் மேல ஏறப் போறேன்."

ஸ்ரீராம்குமார் கண்ணை மட்டும் உருட்டினான். ஜன்னல் தெரிந்தது. கம்பத்தில் ஏறிவந்த உக்கிரபாண்டி ஜன்னலுக்கு நேராக வந்ததும் நின்று இருட்டறைக்குள் எட்டிப் பார்த்தான். மேஜையருகே ஒரு ஆள் நிற்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இருட்டுலயே நிக்கிறீகளே. இன்னும் கொஞ்ச நேரந்தான். பொறுத்துக்கங்க சார்."

ஸ்பேனர் தட்டும் சத்தம் தொடங்கியது.

கோடு நீண்டது. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. முடிந்தால் விட்டுவிடும் என்று அவன் நம்பினான். தொண்ணூற்றொன்பது. மூடிய விரல்களுக்கிடையே தோல் கறுத்துப் புகைந்தது. உள்ளங்கையிலிருந்து செம்மண் சொரசொரவென்று தரையில் கொட்டியது.

நூறு.

நீலக் கோடு அழிந்தது. திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு அந்தக் கோடு இடது ஓரத்தில் மறுபடி மெல்ல முளைத்து, முதலிலிருந்து எழுதத் தொடங்கியது.