ஐஎஸ்ஓ நானூற்றில் நின்றவள்

நாங்கள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வண்டி நின்றதுகூடத் தெரியாமல் என் மனைவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் வேலை. நாள் முழுக்க நின்றே காலம் தள்ளுகிறவள். அன்று அவளுக்கு விடுமுறை. விடுமுறையிலும் அவளை மலையேற்றிக் கூட்டிவந்த புண்ணியவான் நான்தான்.

நான் கல்யாணங்களில் படம் எடுத்துப் பிழைப்பவன். இந்த விடுதியின் முதலாளி வரவேற்பறைச் சுவருக்கு ஒரு படம் கேட்டிருந்தார். விடுதி மொட்டை மாடியில் ஒரு பெண், அவள் தலைக்கு மேல் வானம் கொள்ளாத நட்சத்திரம். மாதிரிக்கு என் வீட்டு மாடியில் ஒன்று எடுத்து அனுப்பினேன். "என்ன சார், மூஞ்சில மாவு தூவின மாதிரி இருக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு தரம் சொதப்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இருட்டில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றினால் கேமரா இல்லாத வெளிச்சத்தையும் பிடுங்கப் பார்க்கும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பிவிடும். இறக்கினால் படம் பளிங்கு மாதிரி வரும். ஆனால் ஷட்டரை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நட்சத்திரம் நகர்ந்து கோடாக இழுபடும், நிற்கிற மனிதர் அசைந்து புகையாகிவிடுவார். ஏற்றினாலும் வம்பு, இறக்கினாலும் வம்பு. வருஷக்கணக்காக இந்த வம்போடு மாரடித்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

காவலாளி மாடிக் கதவைத் திறந்துவிட்டார்.

"லைட்டெல்லாம் அணைச்சுட்டு நான் கீழ கேட்டுக்குப் போயிடறேன் சார்."

"ஏங்க, இங்கயே இருங்களேன்."

"லைட்ட அணைச்சா நான் மேல இருக்கறதில்ல."

அந்தக் குரலில் பயம் இல்லை. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்த குரல்.

விளக்குகள் அணைந்தன. இருட்டு மெல்ல வந்து உட்கார்ந்தது. பாசி படிந்த சிமெண்டின் ஈர வாடை. தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து சொட்டு விழும் சத்தம். காற்று நிற்காமல் வீசியது.

"எங்க நிக்கணும்?" என்றாள் என் மனைவி, கொட்டாவியை விழுங்கிக்கொண்டே.

"தொட்டி பக்கத்துல நின்னு வானத்தப் பாரு."

"பாத்துக்கிட்டே தூங்கிட்டா திட்டக் கூடாது."

முதலில் ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறு. அது சும்மா படத்தில் எது எங்கே விழுகிறது என்று பார்க்க எடுப்பது. திரையில் தொட்டி, அவள், பறக்கும் அவள் சால்வை. அவளுக்கு இடப்பக்கம், ஆள் உயரத்தில் ஒரு கறுப்புத் திட்டு. நாய்ஸ்தான் என்று நினைத்தேன். புள்ளிகளுக்குள் உருவம் தேடினால் கிடைக்காமலா போகும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மூவாயிரத்து இருநூற்றுக்கு இறக்கினேன். திட்டுக்குத் தோள் இருந்தது.

ஆயிரத்து அறுநூறு. தோளில் கூந்தல் கிடந்தது.

நாய்ஸ் என்றால் இறங்க இறங்க மறைய வேண்டும்.

இது தெளிந்துகொண்டே வந்தது.

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். என் மனைவியும் தொட்டியும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"உன் பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றேன்.

"யாரு வரப்போறா? எனக்குக் குளிருதுங்க. இந்தப் பக்கம் மட்டும்." அவள் இடது கையைத் தேய்த்துக்கொண்டாள்.

அப்போதே மூட்டை கட்டியிருக்க வேண்டும். வானத்துக்கு நல்ல படம் கிடைத்துவிட்டது, ஆனால் முகத்துக்கு இல்லை. வானத்தைத் தனியாகவும் தரையைத் தனியாகவும் எடுத்து ஒட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். தரைக்கு ஐஎஸ்ஓவை நன்றாக இறக்கி, நிமிஷக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைப்போம். பாறைக்கும் மரத்துக்கும்தான் அந்த வித்தை, மனிதருக்குக் கிடையாது. தெரிந்தே நானூற்றில் வைத்தேன். 'மாவு' என்ற பேச்சு காதிலேயே கிடந்தது. வந்தது வந்தோம், முடித்துத் தொலைத்துவிட்டுப் போவோம் என்று இருந்தது. எனக்குப் பயத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது.

"கடைசியா ஒண்ணு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் அசையாத."

"கால் கடுக்குதுங்க."

"கொஞ்ச நேரம்மா. எனக்காக."

ஷட்டர் திறந்தது.

குழாய்ச் சொட்டு நின்றது.

அவள் பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் திரும்புவாள், படம் கெட்டுப்போகும். வாயை மூடிக்கொண்டேன்.

ஷட்டர் மூடிய சத்தம் கேட்டது. 'போதும்' என்று நான் சொல்வதற்குள் அவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். நடந்து வந்த சத்தம் கேட்கவில்லை.

"போலாமா?"

கேமரா முக்காலியை அவளே மடக்கித் தூக்கிக்கொண்டாள். வழி நெடுக ஒரு கொட்டாவி இல்லை. சாலையையே பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குளிர்க்காற்று பட்டுத் தூக்கம் கலைந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் படுக்கையறைக்குப் போனாள். நான் கணினியில் படத்தைத் திறந்தேன்.

நானூறு நானூறுதான். ஒரு புள்ளி நாய்ஸ் இல்லை. தொட்டியருகே ஒருத்தி மட்டும் நின்றிருந்தாள். திட்டு இல்லை. எனக்கு உயிர் வந்தது. முகத்தைப் பெரிதாக்கினேன், என் மனைவியின் முகம். இமை முடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சால்வையின் ஓரத்து நூல்வரை தெரிந்தது.

அந்தக் காற்றில்.

அத்தனை நிமிஷம்.

மூச்சு விடுகிறவள் யாரும் அப்படிப் படத்தில் விழ மாட்டாள். சத்தியமாக விழ மாட்டாள்.

தொட்டிக்குப் பின்னால் கரிய இருட்டு. அந்த மூலையை மட்டும் வெளிச்சம் ஏற்றினேன். ஏற்ற ஏற்றப் புள்ளிகள் கிளம்பின. புள்ளிகளுக்குள் ஒருத்தி புகையாகக் கலைந்து நின்றாள். இரண்டு கையையும் என்னைப் பார்த்து ஆட்டி ஆட்டிக் கை பத்தாக இழுபட்டிருந்தது. வாய் திறந்திருந்தது. கத்தியிருக்கிறாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை.

உயிருள்ளவள் அவள்தான். அவள்தான் என் மனைவி.

"அதுக்கு மேல வெளிச்சம் ஏத்தாதீங்க." பின்னாலிருந்து மெல்லிய குரல்.

நான் திரும்பவில்லை. மேசைமேல் கிடந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். கண் மறைத்தது, அழுதுகொண்டிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் நின்று ஊழியம் செய்கிறவளை நானும் நிற்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன். போய் ஒரு வார்த்தை, போதும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

வண்டிக் கதவைத் திறந்தேன்.

வீட்டுக்குள் விட்டுவந்தவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட் போட்டிருந்தாள்.

"போகாதீங்க," என்றாள், ரொம்ப அன்பாக. "மொதல்ல அவளுக்குக் கால் கடுக்கும். அப்புறம் பழகிடும். எனக்கும் அங்க பழகத்தான் செஞ்சுது."