மூடியில் எழுதிய பெயர்

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

மழைக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தவன் வராந்தா திருப்பத்தில் மோதிய வேகத்தில், அவள் கையிலிருந்த பத்து பெட்ரி தட்டுகளும் சிதறின. கிருமி வளர்த்துப் பார்க்கும், உள்ளங்கை அகலத் தட்டுகள். மூடி ஒரு பக்கம், அடி ஒரு பக்கம் என்று உருண்டு ஓடின.

"சாரிங்க... சாரி..." அவன் மண்டியிட்டான். நனைந்த முடியிலிருந்து சொட்டும் நீர்... அதற்குக் கீழே இரண்டு கண்கள்... பாவி, திட்ட வந்தவளை வாயடைக்க வைக்கிற கண்கள்!

ஆனாலும் அவள் விடவில்லை. "சாரி சொன்னா ஒட்டிக்குமா? பத்து பிள்ளைங்க உள்ள காத்திருக்காங்க!"

அவள் அந்த ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியன். சனிக்கிழமைகளில் தன் சனத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்பில் வகுப்பெடுப்பாள். அவர்களுக்கு அவள் 'லேப் அக்கா'. அந்த ஊரில் அவர்கள் கொஞ்சம் பேர்தான். டாக்டர் என்றால் யாரோ எவரோ. தாங்களே ஆகலாம் என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொன்னதில்லை. இந்த வருடம்தான் டாக்டர் படிப்பை நோக்கிய விடுமுறைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி மேலிடம் சம்மதித்திருந்தது. பத்து பேர் கட்டாயம் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எல்லாம் ரத்து. பெற்றோர் கையெழுத்துப் போட நாளை கடைசி நாள்.

அவன் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, தட்டுகளைப் பொறுக்கினான். பிள்ளைகள் விரல் பதித்த ஜெல்லியில் கிருமிகள் புள்ளி புள்ளியாய் வளர்ந்திருந்தன. எது யாருடையது? சட்டென்று நிமிர்ந்தான். "பேரை மூடியிலயா எழுதுவாங்க? அடியிலதானே எழுதணும்? மூடி மாறிட்டா போச்சே!"

அவளுக்குச் சுருக்கென்றது. பத்து வருட அனுபவக்காரியிடம் கேட்கிற கேள்வியா!

"தெரியும். நான்தான் எழுத விட்டேன். இப்படி ஒரு எடத்துல அவங்க பேரு மேல, பளிச்சுன்னு தெரியணும்னு ஆசைப்பட்டாங்க... எனக்கு வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

அவன் கை நின்றது. பிறகு மெல்லச் சொன்னான். "நானும் காலேஜ்ல மொத நாள் மூடியிலதான் எழுதினேன். 'இவங்களுக்கெல்லாம் எதுக்கு டாக்டர் படிப்பு'ன்னு ஒருத்தன் சொன்னான். வகுப்பே சிரிச்சுது."

இவங்களுக்கெல்லாமா? அவள் அவன் பேட்ஜைப் பார்த்தாள். புதிதாய் வந்த டாக்டர்... பாதிப் பெயர்தான் இருந்தது.

"முழுப் பேரு என்ன டாக்டர்?"

தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் சனத்துப் பெயர்! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நாளைக்கு லேப்புக்கு வாங்க டாக்டர்! நம்ம ஆளுங்கள்ல ஒரு டாக்டரைப் பார்த்தா..."

"வேண்டாங்க." கண்கள் விலகிக்கொண்டன. "இங்க யாருக்கும் தெரியாது. இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"அப்படியா? பிள்ளைங்க தங்களோட பேரை மேல எழுதறாங்க. நீங்க ஒளிச்சு வைக்கிறீங்க."

விருட்டென்று நடந்தாள். கோபம்தான்... ஆனால் அந்தக் கண்கள் ஏன் கூடவே வருகின்றன?

தட்டுகளை ஒருவழியாகப் பிரித்தாகிவிட்டது. ஐந்து விரலும் போதாமல் உள்ளங்கையையே பதித்திருந்தவள், 'வாயாடி' என்று எல்லாரும் கூப்பிடும் பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி. மற்றவர்கள் தங்கள் விரல் தடத்தைச் சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் லேப்பில் ஒன்பது கையெழுத்து விழுந்தது. பத்தாவது நின்றது. வாயாடியின் அப்பா, தையற்காரர், பேனாவைத் தொடவே இல்லை.

"பத்து வருஷம் படிக்க வெச்சப்புறம், 'நீ வேண்டாம்'னு திருப்பி அனுப்புவாங்கம்மா. பிள்ளை மனசு ஒடிஞ்சு போகும். நம்ம ஆளுங்கள்ல ஒரே ஒரு டாக்டரைக் காட்டு. போடறேன்."

வாயாடி முதன்முதலாய் வாயைத் திறக்காமல் நின்றாள். லேப் அக்கா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் பெயரைச் சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. இல்லை... அது அவன் சொல்ல வேண்டியது.

கதவு திறந்தது. மறுபடியும் நனைந்த முடி! ஒரு குடை வாங்கத் துப்பில்லாத டாக்டர்...

"நான் இருக்கேங்க." முழுப் பெயரையும் எல்லார் முன்னாலும் உரக்கச் சொன்னான். "என்னைப் பார்த்தும் சிரிச்சாங்க. ஆனா திருப்பி அனுப்ப முடியல. உங்க பொண்ணு தனியா இருக்க மாட்டா. நான் இங்கதான் இருப்பேன்."

தையற்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் தோள்பட்டைத் தையலைக்கூட விடவில்லை. "யாரு தெச்சது? கோணலா இருக்கு" என்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கினார். பத்து!

"நானே கோட்டு தெச்சுத் தர்றேன் டாக்டர். என் பொண்ணுக்கும் ஒண்ணு."

வாயாடி அப்பாவைக் கட்டிக்கொண்டு போட்ட சத்தத்தில் மழையே கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு இருவரும் ஜன்னலோரம் நின்றார்கள்.

"நன்றி டாக்டர்... எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"நான்தாங்க சொல்லணும். இத்தனை வருஷம் பாதிப் பேரோட திரிஞ்சேன். மீதியைக் கேட்டு வாங்கினது நீங்க." பையிலிருந்து ஒரு புதுத் தட்டை எடுத்து நீட்டினான். மூடியில் அவன் முழுப் பெயர், கொட்டை கொட்டையாக.

"மறுபடியும் மூடியிலயா?" சிரித்தாள்.

"திருப்பிப் பாருங்க... அடியிலயும் இருக்கு."

திருப்பினாள். கண்ணைச் சுருக்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோழி கிளறிய மாதிரி ஒரு வரி...

"என்ன டாக்டர் இது? மாத்திரை பேரா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் காது சிவந்தது. "அது வந்து... படிக்க முடியலையா?"

"சுத்தமா முடியல. சத்தமா சொல்லுங்க. இன்னிக்கு ஏற்கெனவே ஒண்ணு சொல்லிட்டீங்களே... பழகியிருக்குமே!"

மழை கொட்டியது. அவன் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"உங்களை... எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் மேசையிலிருந்த மார்க்கரை எடுத்தாள். அந்தக் கிறுக்கலுக்குக் கீழே, யாரும் தப்பாகப் படித்துவிட முடியாத முத்து முத்தான எழுத்தில் எழுதி, அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

'எனக்கும்.'