இரண்டு கைகள் வைத்த புள்ளிகள்

"அக்கா, நீங்க தப்பா அளந்துட்டா அந்தத் தேனீ என்ன பண்ணும்?"

ஆய்வகத்தைப் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒரு வாண்டு ஒருநாள் இப்படிக் கேட்டாள். நஃபீசா சிரித்து மழுப்பிவிட்டாள். ஆனால் கேள்வி உள்ளேயே தங்கிவிட்டது...

அளப்பதுதான் அவளுடைய படிப்பு. கொட்டத் தெரியாத கொசுத்தேனீக்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். இறக்கையைப் படம் பிடித்து, நரம்புகள் கூடும் இடங்களில் கணினியில் புள்ளி வைத்தால், அந்தப் புள்ளிகளின் வடிவம் இது ஓர் இனமா, நெருங்கிய இரண்டு இனங்களா என்று காட்டிக்கொடுத்துவிடும். மாதக் கடைசியில் பேராசிரியரிடம் முடிவைச் சொல்ல வேண்டும். உருப்படியாக எதுவும் இல்லையென்றால் ஆய்வு அத்தோடு நின்றுவிடும்.

அந்தக் கவலையோடுதான் பூன் லே பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்க ஓடினாள். முகத்துக்கு நேரே ஒரு குடை சட்டென்று விரிந்தது. மிரண்டு, வழுக்கி, விழுந்தாள். மடிக்கணினி தப்பியது. வலது மணிக்கட்டு தப்பவில்லை.

"குடையை ஆளு மூஞ்சியிலயா விரிப்பாங்க?"

"சாரி... சாரி லா... பஸ்ஸையே பாத்துட்டு இருந்தேன்..."

நிமிர்ந்தாள். மழைத்துளி தொங்கும் இமைகள், அதற்குள் பயந்துபோன இரண்டு பெரிய கண்கள். விழுந்தது அவனோ என்று தோன்றியது. திட்டுவதற்கு வைத்திருந்த மீதி வார்த்தைகள் எங்கே போயின...?

அவன் பெயர் அர்ஃபான். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அவனே அழைத்துப் போய்க் காட்டினான். எலும்பு முறியவில்லை, ஆனால் சில வாரங்களுக்கு மவுஸைத் தொடக்கூடாது என்றார்கள். அவள் கண் கலங்கியதும் காரணம் கேட்டான்.

"உங்க கையைக் கெடுத்தது நான். என் கையை வெச்சுக்கோங்க" என்றான்.

"இது என்ன சைக்கிளா, இரவல் வாங்க?"

"சைக்கிள்னா திருப்பித் தரணும். இதைத் தர வேணாம்."

அன்றிலிருந்து வேலை முடிந்த மாலைகளும் சனிக்கிழமைகளும் சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்தில் கழிந்தன. எதிரே அவள் அக்கா மர்யம் காவல்.

"ரெண்டு பேரும் ஸ்க்ரீனைப் பாருங்க. தேனீ அங்கதான் இருக்கு லா!"

இறக்கைப் படங்களில் முதல் பாதிக்கு நஃபீசா ஏற்கெனவே புள்ளி வைத்திருந்தாள். மறுபாதியை அர்ஃபான் முடித்தான். முடித்த அன்று திரையில் இரண்டு கூட்டங்கள் அழகாகப் பிரிந்து நின்றன. "ரெண்டு இனம்!" என்று கூவினாள். மர்யம் எல்லோருக்கும் இன்னொரு தே தாரிக் தேநீர் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து நஃபீசா ஒவ்வொரு புள்ளியாக மறுபடி பார்த்தாள். ஒரு கூட்டத்தில் இருந்தவை அத்தனையும் அவள் புள்ளி வைத்தவை. மற்றது முழுக்க அவனுடையது. பிரிந்து நின்றது தேனீக்கள் இல்லை... இரண்டு பேரின் கைகள்!

"நீங்க தப்பா வெச்சுட்டீங்க. எல்லாம் போச்சு" என்றாள் மறுநாள், உணவகம் என்றும் பாராமல்.

"நீங்க காட்டுன எடத்துலதான் வெச்சேன்."

"அப்ப தப்பு என்னோடதா?"

அவன் பாதித் தேநீரோடு எழுந்து போய்விட்டான்.

இடது கையால் தட்டுத்தடுமாறித் தன் பழைய படங்கள் சிலவற்றுக்குப் புதிதாகப் புள்ளி வைத்துப் பார்த்தாள். நரம்புகள் கூடும் இடத்தின் நட்டநடுவில்... அவனுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே. அவை அர்ஃபானின் கூட்டத்தில் போய் விழுந்தன. அவசரத்தில் ஓரமாகப் புள்ளி வைத்தது அவள்தான்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒரு கணம் அப்படியும் நினைத்தாள். அல்லாஹ் படைத்த இறக்கையைத் தன் வசதிக்கு வளைத்துச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

"ரெண்டு இனம்னு சொல்ல முடியாது சார். அது என் கைப்பிழை" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். அவர் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு, கை குணமானதும் அத்தனையையும் ஒரே ஆளின் கையால் மறுபடி அளக்கச் சொன்னார். அதற்கு ஆறு மாத அவகாசமும் தந்தார்.

அழுகையும் சிரிப்புமாக நேரே மருத்துவமனை வாசலுக்குப் போய் நின்றாள்.

"தப்பு என்னோடது. உங்களைத் திட்டுனது அதைவிடப் பெரிய தப்பு."

"நான்தான் உங்க படிப்பைக் கெடுத்துட்டேன்னு தூக்கமே வரலைங்க..."

"சரியாத்தானே வெச்சீங்க? சண்டை போட்டிருக்கலாம்ல?"

"போட்டு ஜெயிச்சா? அப்புறம் நீங்க பேசுவீங்களா?" அவன் காது மடல் சிவந்தது. "கை சரியான பிறகும் பேசணும் நஃபீசா... எப்பவும். உங்களைப் புடிச்சிருக்கு."

வெளியே மழை கொட்டியது. அவளுக்கு ஒரு துளிச் சத்தமும் கேட்கவில்லை.

"எனக்கும்தான்..." என்றாள், அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு. "சனிக்கிழமை காலையில வீட்டுக்கு வந்து வாப்பாகிட்ட பேசுங்க."

"காலையில டியூட்டி. சாயந்தரம் வரேன். இந்த வாரமும் அம்மாவை அடக்கின எடத்துக்குப் போக முடியாது. இந்த மாசம் ஒரு சனிக்கிழமைகூட..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமைகள் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை அக்காவிடம்கூடச் சொல்லாமல் சுவா சூ காங் அடக்கத்தலத்துக்குப் போனாள். விசாரித்து, 'சம்சுன்னிசா' என்ற அவன் அம்மாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். இடது கையால் களை பிடுங்கினாள். தண்ணீர் ஊற்றினாள். ஃபாத்திஹா ஓதி, வலிக்கும் கையையும் சேர்த்து ஏந்தினாள். அந்தப் பக்கம் யாருமே இல்லை.

பிறகு, சாயந்தரம் அவன் கண்ணில் படாதபடி, நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணைக் குழாயடியில் நன்றாகக் கழுவிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.