ஐந்தாவது ரேக்

சர்வர் கூடத்தில் எண்ணெய் காயும் வாசனை வந்தது.

ஷோல்பான் நின்றாள். கஜகஸ்தானின் தெமிர்தாவ் நகரம் முழுவதையும் பனிப்புயல் விழுங்கிக்கொண்டிருந்தாலும், ஜன்னலே இல்லாத இந்தக் கூடத்தில் விசிறிகளின் ஒரே சீரான இரைச்சலும், பச்சை விளக்குகளின் கண்சிமிட்டலும், குளிர்ந்த இரும்பின் வெற்று நெடியும் தவிர வேறெதுவும் எப்போதும் இருந்ததில்லை. அவள் வேலை, வரிசையாக நிற்கும் ரேக்குகளில், கணினித் தரவைச் சேமிக்கும் அந்த இரும்பு அலமாரிகளில், எதற்கும் வேலைப் பாரம் அதிகமாகாமல் பார்த்துக்கொள்வது. ஒன்று திணறினால், அதன் வேலையைச் சும்மா இருக்கும் இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவாள்.

இன்று பாரம் தானாகவே நகர்வதை அவள் கையிலிருந்த டேப்லெட் காட்டியது. எல்லாம் நான்காவது ரேக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. பழசாகிவிட்டதென்று அதன் மின்கம்பியைக் காலையில் அவளே பிடுங்கியிருந்தாள்.

நேற்று காலி செய்த ஐந்தாவதைத் தாண்டிப் போய் நான்காவதன் கதவைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றியாய்ச் சுட்டது. உள்ளே விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது. வாசனையும் அங்கிருந்துதான் வந்தது.

ஷெல்பெக். வெள்ளிக்கிழமைகளில், இறந்தவர்களுக்கு வாசனை எட்டட்டும் என்று எண்ணெயில் சுடும் ரொட்டி. மேலாளர் ஜன்போலாத் வாராவாரம் ஒரு தட்டு கொண்டுவருவார், செத்துப்போன தன் அப்பாவுக்காக என்பார். அவளுக்கு வேலை வாங்கித் தந்தவர், கல்யாணத்தில் சொந்த அண்ணனாக நின்றவர்; அகா, அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள். இன்று மதியம் இரண்டு தட்டுகள் கொண்டுவந்திருந்தார்.

"என்ன அகா, ரெண்டு தட்டு? உங்க வீட்டு ஆவிங்களுக்குப் பசி ஜாஸ்தியாயிடுச்சா?" என்று சீண்டினாள்.

அவர் சிரிக்கவில்லை. "சாப்புடும்மா," என்றார்.

கூடத்தின் வாசல் கதவுக்கு ஓடினாள்; வெளியே பூட்டியிருந்தது. இன்டர்காமை அமுக்கினாள். "அகா, நாலாவது ரேக் கம்பி இல்லாமலே ஓடுது. பயமா இருக்கு. கதவத் திறங்க."

ஜன்போலாத்தின் குரல் வந்தது. "உனக்கு முன்னாடி இங்க இருந்தானே, எர்கின்..."

"ரஷ்யா போயிட்டான்னு சொன்னீங்களே?"

"எங்கயும் போகல. உள்ள யாருமில்லன்னு நெனச்சு தீயணைக்கிற வாயுவத் திறந்துட்டேன். அவன் அந்த நாலாவதுக்குப் பின்னாடி இருந்திருக்கான். மூச்சு முட்டிச் செத்துட்டான். நான் வெளிய சொல்லலம்மா."

அப்பாவுக்கென்று சொன்ன தட்டு எர்கினுடையது. வாராவாரம் அதைத் தின்றிருக்கிறாள்.

"அவனால தனியாத் தாங்க முடியல. என் வீடு வரைக்கும் வந்துட்டான். நீதான சொல்லிக் குடுத்த, ஒண்ணு திணறுனா பக்கத்துல காலியா ஒண்ணு வைக்கணும்னு."

அண்ணன் என்று நம்பினாளே. கதவை இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கைகளாலும் அறைந்தாள்.

"அகா! எம் புள்ள ஸ்கூல் வாசல்ல நிப்பான்! உங்க மடியில வளந்த புள்ள!"

"அவன நான் பாத்துக்கறேன்," என்றார். குரல் அன்பாகவே இருந்தது.

இரைச்சல் நின்றது. ஒரு விசிறி மட்டும். இழுத்து இழுத்து.

நான்காவது ரேக்கின் கம்பிவலைக் கதவில் விரல்கள். உள்ளிருந்து.

இன்டர்காமில் ஜன்போலாத் இறந்தவர்களுக்கான ஓதலைத் தொடங்கினார். எர்கின் பெயரைச் சொன்னார். அடுத்து, அவள் பெயரை.

டேப்லெட்டில் பாரம் சரிபாதியாகப் பிரிந்தது.

ஐந்தாவது ரேக்கின் கதவு திறந்தது. ஓர் ஆள் குந்தி உட்காரும் அளவுக்கு இடம். காலியாக. சூடாக.