விட்டாட்டம்

"இன்னைக்கும் அது மாட்டிக்கிட்டுதுன்னா நூறு நாளு, ஸ்டெல்லாக்கா! கூடம் நமக்குத்தான்!" என்றார் மேலாளர் மரியதாஸ்.

தூத்துக்குடி ஆட்டக்கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. மேசைக்கு ஒருபுறம் அறுபத்திரண்டு வயது ஸ்டெல்லா. மறுபுறம் தீர்வி என்ற இயந்திரம். இரண்டு உலோகக் கைகள், ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான் அதற்கு உடம்பு.

தீர்வி வந்தபிறகு எந்த ஆட்டமும் பிழைக்கவில்லை. ஓர் ஆட்டத்தில் எப்போதும் வெல்லும் வழியைக் கண்டுபிடித்து, எல்லார் காதிலும் மாட்டியிருக்கும் சொல்லிக் கருவிகளுக்கு அனுப்பிவிடும். அதன்பிறகு அதை ஆடுவதும் ஒன்றுதான், வாய்ப்பாடு ஒப்பிப்பதும் ஒன்றுதான். அதனால் ஆட்டக்கூடங்களில் பழைய ஆட்டங்களைக் கலந்து புதியவை செய்தார்கள். நூறு நாள் தாங்கும் ஓர் ஆட்டமாவது செய்யாத கூடம் தீர்விக்கே போய்விடும் என்பது அரசாணை. மற்ற ஊர்க் கூடங்கள் எல்லாம் அப்படித்தான் போயின.

ஸ்டெல்லா போக்கரோடு ரம்மியைக் கலந்தாள். நாலு மணி நேரம் தாங்கியது. இருபத்தெட்டுச் சீட்டாட்டத்தைக் கலந்தாள்; ஒன்றரை நாள். கழுதை ஆட்டத்தைக் கலந்தாள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

"நீ வைக்கிற மீன்கொழம்புகூட இதைவிடக் கூடுதல் நாளு கெடாம இருக்கும்லா," என்றாள் தங்கை புளோரா.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் விட்டாட்டம். சின்ன வயதில் கிறிஸ்மஸ் அன்று வீட்டில் சீட்டாடும்போது தோற்றால் புளோரா சாப்பிடமாட்டாள். அம்மாவும் அக்காவும் வேண்டுமென்றே தோற்பார்கள். "செயிச்சிட்டேல்லா. வா, சாப்பிடு," என்று அம்மா தட்டை வைப்பாள். ஸ்டெல்லா அதைப் போக்கருக்குள் கொண்டுவந்தாள். போக்கரில் நோஞ்சான் சீட்டை வைத்துக்கொண்டு வலுவைக் காட்டலாம். இதில் தலைகீழ். ரம்மியைப் போல எடுத்துப் போட்டு, வலுவான கையை எதிராளிக்குத் தெரியாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் கண்டுபிடித்து "விட்டாய்!" என்று சொல்லிவிட்டால் ஆட்டம் அவருக்கு. முதல் விதியை அவளே எழுதினாள்: விடுவது தெரியாமல் விடுகிறவரே வென்றவர்.

தொண்ணூற்றொன்பது நாளும் தீர்வி மாட்டிக்கொண்டது. நல்ல சீட்டைப் போடுமுன் அதன் கை ஒரு நொடி தயங்கும், ஸ்டெல்லா பிடித்துவிடுவாள். "இரும்புக்கு விட்டுக்கொடுக்கத் தெரியுமா?" என்று செய்தியாளர்களிடம் சிரித்தாள்.

கடைசி ஆட்டத்துக்குமுன் டிபன் கேரியரோடு வந்த புளோரா அவள் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, கோவிக்காத. அது உனக்குக் காட்டத்தான் தயங்குது. வேணும்னே மாட்டிக்கிடுது."

"போட்டீ. உனக்குச் சீட்டுல என்ன தெரியும்?"

"வேணும்னே தோக்குறவங்களத் தெரியும்லா. நீயும் அம்மாவும் விட்டது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். "எப்ப இருந்து?"

"ஒம்பது வயசுல இருந்து. அம்மா ஜோக்கரத் தூக்கிக் கீழ போட்டாளே, அன்னைக்கு. ஜோக்கர எவளாவது போடுவாளா?"

"பொறவு ஏம்ட்டி அப்படிக் கைதட்டிச் சிரிச்ச?"

"சிரிக்கலன்னா அம்மா மொகம் வாடிரும். எனக்கும் பசிச்சுது."

மணி அடித்தது. சீட்டுகள் விழுந்தன. தீர்வி ராஜாவை எடுத்து, ஒரு நொடி தயங்கி, கீழே போட்டது. எல்லாரும் ஸ்டெல்லாவின் வாயைப் பார்த்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. தங்கை சொன்னது சரிதானா என்று பார்த்துவிடலாம் என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த சுற்றில் ஆஸ். இரண்டு நொடி தயக்கம். அப்போதும் அவள் பேசவில்லை.

"என்னக்கா, கண்ணு தெரியலையா?" என்று மரியதாஸ் பதறினார்.

மூன்றாம் சுற்றில் தீர்வி ஜோக்கரை எடுத்தது. கூட்டம் முழுக்கப் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தது. பிறகு மெல்ல, குழந்தைக்கு எட்டுகிற மாதிரி, அவள் பக்கமாக வைத்தது.

ஸ்டெல்லாவுக்குப் புரிந்தது. வெல் என்பது மட்டுமே தீர்விக்கு இட்ட கட்டளை. அவள் எழுதிய முதல் விதிப்படி இத்தனை நாளும் வென்றது யார்? ஆட்டத்தையே அவளுக்குத் தெரியாமல் விட்டுக்கொடுத்த தீர்விதான். விடையை யாருக்கும் அனுப்பாமல் அது வைத்திருந்ததும் இதனால்தான். சொன்னால் விட்டது தெரிந்துபோகுமே. இப்போது அவள் சபையில் உண்மையைச் சொன்னால் கூடம் போகும். சொல்லாவிட்டால், ஆட்டம் இன்னும் பிழைத்திருப்பதாகக் காட்ட நாளையும் வந்து உட்கார்ந்து ஜெயிக்க வேண்டும். நாளை மறுநாளும்.

"விட்டாய்!" என்றாள்.

கூடம் அதிர்ந்தது. மரியதாஸ் அழுதேவிட்டார். தீர்வி தன் பச்சை விளக்கைத் தாழ்த்தியது. "நன்றாக ஆடினீர்கள், அம்மா."

ஸ்டெல்லா கைதட்டிச் சிரித்தாள்.

புளோரா மட்டும் சிரிக்கவில்லை. கேரியரைத் திறந்து, தட்டை அவள் முன்னால் வைத்தாள்.

"செயிச்சிட்டேல்லா. வா, சாப்பிடு."